ஒயிட்னர் தேசம்

2016 பிப்ரவரி 17ஆம் தேதி டெல்லியில் ஒரு செல்போனுக்கு அறிமுக விழா நடந்தது. விலை 251 ரூபாய். ஏதோ சைபர் விட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். மொய் நோட்டில் எழுதுகிற கணக்கில் இருநூற்று ஐம்பத்தொன்றேதான். பெயர் 'ஃப்ரீடம் 251'. தயாரிப்பு, நொய்டாவிலிருந்த 'ரிங்கிங் பெல்ஸ்' என்ற கம்பெனி. அதற்கு முந்தைய வாரம் வரை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் யாருமில்லை. மேடையில் பாரதிய ஜனதா கட்சியின் மூத்த தலைவர் முரளி மனோகர் ஜோஷி. வாயைத் திறந்தால் மேக் இன் இந்தியா, டிஜிட்டல் இந்தியா. இந்தியாவின் கைபேசித் தொழில் வயதுக்கு வந்துவிட்டதாக அன்றைக்கு நாடே பூரித்துப் போனது.

நிருபர்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஆளுக்கொரு மாதிரி போன் கொடுத்தார்கள். நிருபர் ஜாதிக்கு எதைக் கொடுத்தாலும் புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. திரைக்கு மேலே, கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. பெயின்டா, பிளாஸ்டிக்கா என்று நகத்தால் சுரண்டினார்கள். உதிர்ந்தது. தாலுகா ஆபீஸ் கிளார்க் மேசையில், ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் இருக்குமே, அந்த ஒயிட்னர். அடியிலிருந்து 'ஆட்காம்' என்று இன்னொரு கம்பெனியின் பெயர் எட்டிப் பார்த்தது. முதுகுப் பக்கத்துப் பெயரை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தார்கள். அது வேறு யாரோ சில ஆயிரங்களுக்கு விற்றுக்கொண்டிருந்த போன். கேட்டதற்கு, சும்மா மாதிரிக்குக் காட்டினோம் என்றார்கள். ஏழு கோடிப் பேர் பதிவு செய்துவிட்டதாகவும் சொன்னார்கள். அடுத்த பிப்ரவரியில், பணம் கொடுத்து ஏமாந்த விநியோகஸ்தர் ஒருவர் புகார் கொடுக்க, கம்பெனியின் இயக்குநரை காசியாபாத் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

மோசடிக் கம்பெனி என்று எல்லோரும் வைதார்கள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அவர்கள் செய்த ஒரே குற்றம், சரக்கு மட்டமான ஒயிட்னரை வாங்கியதுதான். நகம் பட்டால் உதிராத ஒயிட்னர் அரசாங்கத்திடம் மட்டுமே இருக்கிறது. அதற்கு டெண்டர் வெளியே விடுவதில்லை.

நம்பிக்கை இல்லாவிட்டால் மத்திய அரசின் கணக்கைப் பாருங்கள். 2014இல் இந்தியாவில் செல்போன் செய்யும் தொழிற்சாலைகள் இரண்டே இரண்டு. இன்று முந்நூறு. 2014-15இல் உற்பத்தி 18,900 கோடி ரூபாய். 2024-25இல் 5.45 லட்சம் கோடி. ஏற்றுமதி அன்றைக்கு 1,500 கோடி சொச்சம், 2024-25இல் இரண்டு லட்சம் கோடி. அமைச்சர்கள் மாறுகிறார்கள், இந்தப் பட்டியல் மாறுவதில்லை. பட்ஜெட் உரையா, தேர்தல் கூட்டமா, டாவோஸா, எங்கே போனாலும் சட்டைப் பையிலிருந்து இதுதான் வருகிறது. கணக்கில் தப்பே இல்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: அது ஏன் 2014? 2012ஐ ஏன் எடுக்கவில்லை? 2010ஐ ஏன் எடுக்கவில்லை?

ஏனென்றால், 2014தான் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவின் சாவு வருஷம். பிணம் கிடத்தியிருந்த வீட்டில் தலையை எண்ணிவிட்டு, பத்து வருஷம் கழித்து, பாருங்கள் குடும்பம் எப்படித் தழைத்துவிட்டது என்கிறார்கள்.

அந்த வீட்டின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2005இல் தமிழக அரசு நோக்கியாவோடு ஒப்பந்தம் போட்டது. முதல்வர் ஜெயலலிதா. 2006 மார்ச்சில் தொழிற்சாலை முறைப்படி திறந்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. டெல்லியில் துறை அமைச்சர் தயாநிதி மாறன். நோக்கியாவைக் கொண்டுவந்தது யார் என்று இரண்டு கழகங்களும் மேடைக்கு மேடை குடுமிப்பிடிச் சண்டை போட்டன. பின்லாந்துக்காரனுக்கே சந்தேகம் வந்திருக்கும், நாமாக வந்தோமா இவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்களா என்று. சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை என்று கேட்டதும் கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது.

தொழிற்சாலை நன்றாகவே ஓடியது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. 2011க்குள் ஐம்பது கோடி போன்கள் அந்த லைனில் இருந்து இறங்கின. உள்நாட்டுக்குப் போக மிச்சமெல்லாம் ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசியாவுக்கும் கப்பலேறின. நேரடியாக எட்டாயிரம் பேர் வரை வேலை செய்தார்கள். சார்ஜர், கவர், உதிரி பாகம் செய்கிற கம்பெனிகள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தன, பாக்ஸ்கானும் அப்போதே வந்தது. பிளஸ் டூ முடித்த, டிப்ளமோ முடித்த பெண்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். வீட்டில் முதல் சம்பளம் வாங்கிய பெண், அப்பன் கடனை அடைத்த பெண், தம்பியை இன்ஜினீயரிங் சேர்த்த பெண் என்று ஒரு தலைமுறையே அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கியது. 2010 அக்டோபர் கடைசி இரவில் அவர்களில் ஒருத்தியின் கழுத்து இயந்திரத்தில் சிக்கியது. உயிர் பிழைக்கவில்லை. மறுநாள் போன் உற்பத்தியில் இந்தியா எத்தனையாவது இடம் என்ற பட்டியலில் அதற்குப் பத்தி எதுவும் இல்லை.

2013 ஜனவரியில் வருமான வரித்துறை உள்ளே நுழைந்தது. பின்லாந்துத் தாய்க் கம்பெனியிடம் வாங்கி போனில் ஏற்றுகிற மென்பொருளுக்குக் கொடுத்த பணம் ராயல்டி, அதில் வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும், ஆறு வருஷமாகச் செய்யவில்லை, எடு இரண்டாயிரம் கோடியை என்றது. வரி ஏய்த்தால் கேட்க வேண்டியதுதான். பன்னாட்டுக் கம்பெனிக்குப் பரிந்து பேச எனக்கு எந்த முகாந்திரமும் கிடையாது. ஆனால் ஆறு வருஷம் இந்தத் துறை எங்கே போயிருந்தது? இரண்டு கழகங்களுக்கும் நடந்த குடுமிப்பிடியைக் கைதட்டி ரசித்துக்கொண்டிருந்ததா?

அடுத்து வந்தது மாநில அரசு. சென்னையிலிருந்து இன்னொரு நோட்டீஸ்: நீங்கள் செய்த போனெல்லாம் ஏற்றுமதி ஆகவில்லை, உள்நாட்டிலேயே விற்றிருக்கிறீர்கள், மதிப்புக் கூட்டு வரி 2,400 கோடி கட்டு. கவனியுங்கள். ஐந்து வருஷமாக, தமிழ்நாட்டிலிருந்து உலகமெல்லாம் செல்போன் போகிறது என்று மார்தட்டியதும் இதே கோட்டைதான். இங்கிருந்து ஒன்றும் வெளியே போகவில்லை என்று நோட்டீஸ் அடித்ததும் இதே கோட்டைதான். துறைமுகத்தில் சுங்கக் கணக்கு என்று ஒன்று இருப்பதை யாராவது ஒரு உதவியாளர் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்திருக்கும்.

நடுவில் நோக்கியா தன் கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்ட்டிடம் விற்றது. சென்னைத் தொழிற்சாலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் உலகமெங்கும் இருந்ததில் பெரும்பாலானதை வாங்கிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரைத் தட்டில் ஒதுக்கிய கறிவேப்பிலையாக விட்டுவிட்டுப் போனது. தொழிலாளர்களுக்கு வி.ஆர்.எஸ். திட்டம் அறிவித்தார்கள். விருப்ப ஓய்வு! விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. காவிரிப் பிரச்சினையைவிட இளையவர்கள், பணி ஓய்வு பெற்றார்கள்.

இப்போது தேதிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 2014 செப்டம்பர் 25: டெல்லியில் பிரதமர் மேக் இன் இந்தியாவைத் தொடங்கிவைத்தார். பல் சக்கரங்களால் ஆன சிங்கம் நடை போட்டது. செப்டம்பர் 27: சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதா சிறைக்குப் போனார். செப்டம்பர் 29: ஓ. பன்னீர்செல்வம் அமைச்சரவை பதவியேற்றது. அமைச்சர்கள் உறுதிமொழியை வாசிக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். நவம்பர் 1: நோக்கியா லைன் நின்றது. சிங்கம் நடக்கத் தொடங்கி முப்பத்தேழாவது நாள். அதற்கு யாரும் அழவில்லை. இருந்த கண்ணீரெல்லாம் செப்டம்பரிலேயே தீர்ந்து போயிருந்தது. டிசம்பரில் பாக்ஸ்கானும் லைனை நிறுத்தியது.

2005இல் யார் கொண்டுவந்தது என்று சண்டை போட்ட ஒருவரும் 2014இல் நான்தான் மூடினேன் என்று உரிமை கொண்டாட வரவில்லை. அப்போது மத்தியில் காங்கிரஸ் என்றது பா.ஜ.க. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது என்றது அ.தி.மு.க. நாங்கள் ஆட்சியிலேயே இல்லையே என்றது தி.மு.க. நான்கு வருஷம் கழித்து, 2018இல், இரு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினார்கள். நோக்கியா ஏறக்குறைய 1,600 கோடி ரூபாய் கட்டியது, வழக்கு முடிந்தது. பேசினால் முடிகிற விவகாரமாக இருந்திருக்கிறது. எட்டாயிரம் பேர் போன பிறகு உட்கார்ந்து பேச அறையில் இடம் தாராளமாக இருந்திருக்கும்.

காலியாகக் கிடந்த அந்த வளாகத்தை சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கப் போகிறது என்று 2019 நவம்பரில் மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் பெருமையாக அறிவித்தார். மேக் இன் இந்தியாவின் வெற்றியாம். சால்காம்ப் யார் தெரியுமோ? அன்றைக்கு நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுத்துக்கொண்டிருந்த பின்லாந்துக் கம்பெனி. அதையும் அந்த ஆண்டுதான் ஒரு சீனக் கம்பெனி வாங்கியிருந்தது. கட்டடம் பழையது, ஊர் பழையது, செய்கிற சார்ஜரும் ஏறக்குறைய பழையது. புதிது என்னவென்றால் கணக்கில் ஒரு தொழிற்சாலை கூடியிருக்கும், அவ்வளவுதான்.

கருவியை விட்டுவிட்டு சேவைப் பக்கம் வந்தாலும் பரம்பரை ஒன்றும் குறைவில்லை. 1995 ஜூலை 31இல் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. கல்கத்தாவிலிருந்து கம்யூனிஸ்ட் முதல்வர் ஜோதிபாசு பேசினார், டெல்லியில் எடுத்தவர் காங்கிரஸ் அமைச்சர் சுக்ராம். அடுத்த ஆண்டு சுக்ராம் வீடுகளில் சி.பி.ஐ. நுழைந்து மூன்றரைக் கோடிக்கு மேல் ரொக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தது. ஊழல், ஊழல் என்று நாடாளுமன்றத்தை நாள்கணக்கில் முடக்கிய பா.ஜ.க., 1998இல் இமாசலத்தில் அதே சுக்ராம் கட்சியின் கையைப் பிடித்துத்தான் ஆட்சி அமைத்தது. தொலைத்தொடர்பு என்றால் இதுவல்லவா தொடர்பு.

2008 ஜனவரி 10இல் பிற்பகலில் ஓர் அறிவிப்பு. இன்னும் ஒரு மணி நேரத்தில் வரைவோலையோடு வருகிறவர்களுக்கு, 2001ஆம் வருஷத்து விலையில் நாடு முழுவதற்கும் 2ஜி உரிமம், 1,658 கோடி ரூபாய். முதலில் வருபவருக்கு முதலில். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும்போதுகூட அதற்கு முந்தைய நாள் போர்டில் எழுதிப் போடுவார்கள். கம்பெனி ஆட்கள் சஞ்சார் பவன் வாசலில் முண்டியடித்தார்கள். அரசுக்கு ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடி வரை இழப்பு என்றார் தணிக்கை அதிகாரி. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம், குற்றத்தை நிரூபிக்கச் சான்றில்லை என்று எல்லோரையும் விடுவித்தது. ஆக, உரிமம் கொடுத்தது தவறு, கொடுத்தவர் தவறு செய்யவில்லை. சி.பி.ஐ. மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்கவே 2024 மார்ச் ஆனது. ஆட்சி மாறியதுதான் மிச்சம். அந்தத் தொகையை வைத்துத் தேர்தலில் ஜெயித்தவர்களும் அதை மறந்துவிட்டார்கள்.

2016 செப்டம்பரில் ஒரு தனியார் கம்பெனியின் இலவச சிம்முக்கு நாட்டின் பிரதமர் நீலக் கோட்டில் முழுப்பக்க விளம்பரத்தில் சிரித்தார். ஜியோ. அனுமதி கொடுத்தீர்களா என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். இல்லை என்றது அரசு. அப்படி அனுமதியில்லாமல் போட்டால் 1950ஆம் வருஷத்துச் சட்டப்படி என்ன தண்டனை? ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். ஃப்ரீடம் 251ஐ ஜோடியாக வாங்கினால் ஆகிற காசு.

2020 ஜூனில் கல்வானில் இருபது இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். சீனப் பொருளைப் புறக்கணிப்போம் என்று தெருவில் கொடும்பாவி எரித்தார்கள். அதை வீடியோ எடுத்த போன்களில் பத்துக்கு ஏழாவது சீனப் பெயர் தாங்கியவையாக இருந்திருக்கும், அன்றைய சந்தை நிலவரம் அது. கடைக்காரர்கள் பயந்து போய், சீன போர்டுகளை மூட அனுமதி கொடுங்கள் என்று கம்பெனிகளைக் கேட்டார்கள். ஷாவ்மி தன் கடைப் பலகைகள் மேல் 'மேட் இன் இந்தியா' பேனரைப் போர்த்தியது. அதே நாட்களில் ஐ.பி.எல். கிரிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்த விவோவோடு 2,199 கோடி ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. அந்த ஒரு சீசன் மட்டும் விவோ ஒதுங்கி நின்றது. அடுத்த வருஷம் திரும்பி வந்தது. வீரமரணத்துக்கு நம் கிரிக்கெட் வாரியம் அனுசரித்த துக்கம் ஒரு சீசன்.

இனி, இப்போது நடக்கிற பொற்காலம். ஸ்ரீபெரும்புதூருக்கு பாக்ஸ்கான் திரும்பி வந்து, ஐஃபோன் செய்யத் தொடங்கியது. 2020இலிருந்து உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம், சுருக்கமாக பி.எல்.ஐ. ஒதுக்கீடு 40,951 கோடி. விற்பனை கூடக் கூட, கூடுதல் விற்பனையில் நூற்றுக்கு நாலு முதல் ஆறு ரூபாய் வரை மக்கள் பணத்திலிருந்து கம்பெனிக்கு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நூறு ரூபாய் போனில் இங்கே சேர்கிற மதிப்பு இருபது ரூபாயைத் தாண்டுவதே பெரும்பாடு. திரை, சிப்பு, கேமரா என்று மற்றதெல்லாம் பெட்டியில் இறக்குமதியாகி வருகிறது. ஊக்கத்தொகையோ அந்த இருபதுக்கு அல்ல, நூறுக்கும். 2023இல் ரகுராம் ராஜன் இதைக் கேட்டார், நாம் போன் தயாரிக்கிறோமா, பூட்டுகிறோமா என்ற பொருளில். அவர் மேல் அமைச்சர்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதில் ஒரு பங்கு அந்தப் பெட்டிகள் மேல் வந்திருந்தால் இந்நேரம் இங்கே ஒரு சிப்பாவது முளைத்திருக்கும்.

பூட்டுகிற வேலையும் கௌரவமான வேலைதான். அதைச் செய்கிற கைகள் யாருடையவை என்றாவது பார்த்திருக்கலாம். 2021 டிசம்பர் நடுவில், பூந்தமல்லி பக்கம் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய ஹாஸ்டலில் கெட்டுப்போன சாப்பாடு. 159 பேர் ஆஸ்பத்திரியில். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எந்த வாட்ஸ்அப்புக்காக அவர்கள் திரை ஒட்டினார்களோ அதே வாட்ஸ்அப்பில், சிலர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி ஓடியது. 17ஆம் தேதி இரவு சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்தப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழிக் குளிரில், விடிய விடிய. ஷிஃப்ட் முடிந்தால் பஸ், பஸ் விட்டால் ஹாஸ்டல், ஹாஸ்டல் கேட்டில் வார்டன் என்று வாழ்ந்தவர்கள், ஊர் எப்படி இருக்கிறது என்று முதல் தடவை நிதானமாகப் பார்த்தது அந்த ரோட்டில் உட்கார்ந்துதான். போலீஸ் வந்து பலரைப் பிடித்துக்கொண்டு போனது. சமூக நீதி அரசின் போலீஸ்.

அப்புறம்தான் வெளியே வந்தது: ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை, தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை, எலி ஓடிய சமையலறை. சம்பளம் மாதம் ஏறக்குறைய 10,500 ரூபாய். அவர்கள் பூட்டிக்கொண்டிருந்த ஐஃபோன் 12 இங்கே அறிமுகமான விலை 79,900. சாப்பிடாமல், ஊருக்குப் பணம் அனுப்பாமல், ஏழரை மாதத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்று வாங்கலாம். ஏழரை என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஹாஸ்டல்கள் சரியில்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, தொழிற்சாலையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. ஆக, தமிழ்நாட்டின் தொழிலாளர் துறை செய்ய வேண்டிய வேலையை கலிபோர்னியாவிலிருந்து ஒரு கம்பெனி செய்தது. அதுவும் தன் பெயர் கெடும் என்பதால். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்க 706 கோடியில் நல்ல விடுதி ஒன்றை அரசு கட்டித் திறந்தது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ரோட்டில் உட்கார்ந்தவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறதா என்றுதான் தெரிந்துகொள்ள ஆசை.

நடுவே 2023இல் இன்னொரு கூத்து. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றி நூறாவது வருஷம். அதைக் கொண்டாடும் விதமாகவோ என்னவோ, ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் ஒரு மசோதா: வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டலாம். தொழிலாளி விரும்பினால்தான் என்றார்கள். விரும்பாத தொழிலாளியை ஏஜென்சிக்காரர் எப்படி விரும்ப வைப்பார் என்பது மசோதாவில் இல்லை. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே முதல் தேதி, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், மசோதாவைத் திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். கைதட்டல். கொடுக்காத அடியை வாபஸ் வாங்கியதற்கு இவ்வளவு கைதட்டல் கிடைக்கும் என்றால் இனி அடிக்கடி கை ஓங்குவார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை என்று ஆக்கிவிட்டது 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி. ஸ்ரீபெரும்புதூர் ஐஃபோன் தொழிற்சாலையில், திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லையாம். குடும்பப் பொறுப்பு இருக்கும், பிள்ளை உண்டாகும், லீவு போடுவார்கள். இன்னொரு காரணமும் சொன்னார்கள்: தாலி, மெட்டி என்று உலோகம் அணிந்து வருவார்கள், உற்பத்திக்கு இடைஞ்சல். நிறுவனம் மறுத்தது, புதிதாகச் சேர்ந்த பெண்களில் கால்வாசிப் பேர் திருமணமானவர்கள் என்றது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. மாநில அரசு அதிகாரிகளை அனுப்பியது. வேலை விளம்பரங்களில் வயது, பால், திருமணம் பற்றி எதுவும் போடாதீர்கள் என்று பிறகு பாக்ஸ்கான் ஏஜென்சிகளுக்குச் சொன்னதாகவும் செய்தி வந்தது. விளம்பரத்தில் அந்த வரியை வெள்ளை பூசி மறைத்தாயிற்று. வாசலில் நிற்பவரின் கண்ணுக்கு யார் பூசுவது?

இந்த மாநிலத்தில்தான் 'தாலிக்குத் தங்கம்' என்று ஒரு திட்டம் இருந்தது. படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு அரசே பவுன் கொடுத்தது, 2016க்குப் பிறகு எட்டு கிராம். அம்மா படம் போட்ட மேடையில் வாங்கிக்கொண்டு போன பெண், அதைக் கழுத்தில் கட்டிய மறுநாள் சிப்காட் வாசலில் நின்றால், அரசு கொடுத்த தங்கத்தாலேயே அரசு அழைத்துவந்த கம்பெனிக்கு ஆகாதவளாகிவிடுகிறாள். இரண்டு திட்டத்துக்கும் கோப்பு ஒரே கோட்டையில்தான் இருந்தது. இரண்டு மாடிக்கும் நடுவே லிஃப்ட் வேலை செய்யவில்லை போலிருக்கிறது. பெண் கல்யாணம் செய்யாமல் இருந்தால் ஊர் ஏசும், செய்துகொண்டால் ஐஃபோன் ஏசும். அவள் எந்தக் கூட்டணியில் சேர்வாள்?

நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு இன்று தமிழ்நாட்டிலிருந்து போகிறது. 2025 மே மாதம், அமெரிக்காவில் அந்தக் காலாண்டில் விற்கிற ஐஃபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்தவையாக இருக்கும் என்றார் ஆப்பிளின் தலைவர் டிம் குக். டெல்லியும் சென்னையும், வழக்கம்போல, ஆளுக்கொரு பக்கம் மாலையை நீட்டின. அதே மாதம் டிரம்ப் தோஹாவில் உட்கார்ந்துகொண்டு, இந்தியாவில் நீங்கள் தொழிற்சாலை கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை என்று குக்கிடம் சொல்லிவிட்டதாக உலகறியச் சொன்னார். அமெரிக்காவில் விற்கிற ஐஃபோனை அங்கேயே செய்யாவிட்டால் 25 சதவீதம் வரி என்றும் மிரட்டினார். ஆப்பிளின் திட்டத்தில் மாற்றமில்லை என்று அமைச்சக வட்டாரங்கள் ஆறுதல் சொல்லின. வட்டாரங்களுக்கு என்ன, ஆறுதல் சொல்லிவிட்டு வேறு வட்டாரத்துக்குப் போய்விடும்.

நாளைக்கே அந்த மனிதர் இன்னொரு ட்வீட் போட்டு, குக் பெட்டியைக் கட்டினாலும் ஸ்ரீபெரும்புதூர் கலங்கத் தேவையில்லை. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு கொடுப்பது எப்படி என்பது இங்கே ஏற்கெனவே தெரிந்த தொழில்நுட்பம், முழுக்க முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு. 2014இல் பயன்படுத்திய படிவம் எங்காவது ஒரு ஃபைலில் இருக்கும், தேதியை மட்டும் மாற்றினால் போதும். திருமணமாகாத பெண்கள் என்பதால் 'கணவர் பெயர்' என்ற கட்டத்தையும் அச்சிட வேண்டியதில்லை, அரை வரி மை மிச்சம். அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய அடுத்த மாதம் எண்ணத் தொடங்குங்கள், அமைச்சரே. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் வளர்ச்சி விகிதம் இன்னும் நன்றாக வரும்.